ஸ்மார்ட் கார்களைச் செய்வோருக்கும் அவற்றுக்கு விதி வகுப்போருக்கும்: பழுதுபார்ப்பவர்களின் திறந்த மடல்

கார் உற்பத்தி நிறுவனங்களின் பொறியியல், மென்பொருள் பிரிவுத் தலைவர்களுக்கும், வாகனப் பாதுகாப்பு விதிகளை வகுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நீங்கள் வடிவமைத்து, சோதித்து, சான்றளித்து அனுப்பும் கார்கள் வாரண்டி முடிந்ததும் எங்கள் ஒர்க்‌ஷாப்புகளுக்குத்தான் வந்து சேர்கின்றன. கேமராவும் ரேடாரும் சிம் கார்டும் கொண்ட கார், புதிதாக இருக்கும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பது உங்கள் சோதனைத் தடத்தில் தெரிந்துவிடும். ஏழாவது ஆண்டில், இரண்டாவது உரிமையாளரிடம், ஒரு முறை பம்பர் கழற்றி மாட்டிய பிறகு அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்ப்பது நாங்கள். அந்த இடத்திலிருந்துதான் இதை எழுதுகிறோம்.

இந்தத் தொழில்நுட்பமே வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. தானியங்கி அவசர பிரேக் உயிர் காக்கிறது. அதில் எங்களுக்கு ஐயமே இல்லை. அமெரிக்காவில் காப்பீட்டுத் துறை நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் கணக்கிட்டபடி, அந்த வசதி உள்ள கார்கள் முன்னால் போகும் வண்டியில் மோதுவது ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. பிரேக் பிடிக்காமல் எச்சரிக்கை ஒலி மட்டும் கொடுக்கும் கார்களில் அந்தக் குறைவு 27 சதவீதம்தான். ஆக, மணி அடிப்பதோடு நிற்காமல் கார் தானே பிரேக்கை மிதிப்பதில்தான் பெரிய பலன் இருக்கிறது. விபத்தில் ஏர்பேக் விரிந்ததும் தானே 112-ஐ அழைத்து, வண்டி நிற்கும் இடத்தையும் அனுப்பும் வசதியை ஐரோப்பிய ஒன்றியம் 2018 மார்ச் 31 முதல் புதிய மாடல்களுக்குக் கட்டாயமாக்கியது. நினைவிழந்து கிடக்கும் ஓட்டுநருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

ஆனால் இந்த வசதிகள் எப்போது வேலை செய்யும், எப்போது செய்யாது என்பதை வாங்குபவரிடம் யாரும் சொல்வதில்லை. பாதசாரிகளைக் கண்டு பிரேக் பிடிக்கும் அமைப்பு, அதே நிறுவனத்தின் ஆய்வில், பாதசாரி விபத்துகளை 27 சதவீதம் குறைத்தது. தெருவிளக்கு இல்லாத இருட்டில் மட்டும் அந்த வசதி இருந்த காருக்கும் இல்லாத காருக்கும் வேறுபாடே தெரியவில்லை. இருட்டில் சாலையைக் கடப்பவருக்குத்தான் அந்தப் பாதுகாப்பு மிகவும் தேவை. விற்பனைக் கையேட்டில் இந்த ஒரு வரியாவது பெரிய எழுத்தில் இருக்க வேண்டாமா?

இனி, எங்களை அதிகம் கவலைப்பட வைக்கும் விஷயத்துக்கு வருகிறோம்: காலிபரேஷன், அதாவது கேமராவும் ரேடாரும் பார்க்கும் கோணத்தை மீண்டும் சரியாக அமைப்பது.

முன்கண்ணாடியின் மேற்பகுதியில், உள்கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கேமரா ஒரு டிகிரி திரும்பியிருந்தால், 100 மீட்டர் தொலைவில் அதன் பார்வை 1.75 மீட்டர் விலகிப்போகும். சாலைத் தடம் மூன்றரை மீட்டர் அகலம் என்றால் அது சரியாகப் பாதித் தடம். பக்கத்துத் தடத்து லாரியைத் தன் தடத்தில் வருவதாக நினைத்து கார் திடீரென்று பிரேக் பிடிக்கலாம். அல்லது தன் தடத்தில் நிற்கும் லாரியைப் பக்கத்துத் தடத்தில் நிற்பதாக நினைத்துக் கடந்துபோகப் பார்க்கலாம். கண்ணாடியை மாற்றினாலும், கேமராவைக் கழற்றினாலும், சஸ்பென்ஷன் உயரம் மாறினாலும், சில மாடல்களில் வீல் அலைன்மென்ட் செய்தாலே கூட, இந்தக் கோணத்தை மீண்டும் அமைத்தாக வேண்டும்.

அதைச் சரியாகச் செய்வது அரை மணி நேர வேலை அல்ல. முதலில் ஸ்கேனர் (காரின் கணினிகளைப் படிக்கும் கருவி) மாட்டி எல்லா மாட்யூல்களின், அதாவது காரின் சிறு கட்டுப்பாட்டுக் கணினிகளின், எரர் கோடுகளையும் (பிழைக் குறியீடுகளையும்) பதிந்துகொள்ள வேண்டும். டயர் காற்றழுத்தம் நிறுவனம் சொன்ன அளவில் இருக்க வேண்டும். டிக்கியில் இருக்கும் சுமையை இறக்கி, எரிபொருள் அளவும் கையேட்டின்படி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்புறம் அழுந்தினால் கேமரா வானத்தைப் பார்க்கும். பிறகு வீல் அலைன்மென்ட். பின்சக்கரங்கள் சற்றே கோணலாக இருந்தால் கார் ஓடும் திசை ஒன்றாகவும் உடல் பார்க்கும் திசை இன்னொன்றாகவும் இருக்கும். கார் உண்மையில் ஓடும் அந்தத் திசையை ஒட்டித்தான், கேமரா பார்த்துத் தன் கோணத்தைச் சரிசெய்துகொள்ளும் குறிப்பலகையைக் காருக்கு எதிரே நிறுத்த வேண்டும். தரை மட்டமாக இருக்க வேண்டும், வெளிச்சம் சீராக இருக்க வேண்டும், பின்னணியில் பளபளப்பான பொருள் இருக்கக் கூடாது. பலகையின் உயரத்தையும் தூரத்தையும் மில்லிமீட்டர் கணக்கில் அளக்க வேண்டும். வேலை முடியும்வரை பேட்டரிக்குச் சீரான மின்னழுத்தம் தரும் சப்ளை மாட்டியிருக்க வேண்டும். நடுவில் வோல்டேஜ் இறங்கினால் பாதியில் நின்றுவிடும். சில மாடல்களுக்கு இதற்குப் பிறகு, கோடுகள் தெளிவாகத் தெரியும் சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டியும் முடிக்க வேண்டும்.

எங்கே தவறுகிறது? கண்ணாடிப் பசை இறுகுவதற்கு முன்பே காலிபரேஷன் செய்கிறார்கள். கண்ணாடி பிறகு மெல்ல இறங்குகிறது. கேமரா பார்க்கும் சிறு பகுதியில் ஒளி வளையும் தரக்குறைவான கண்ணாடியைப் போடுகிறார்கள். தரை சாய்ந்திருக்கிறது. இவற்றில் எது நடந்தாலும் ஸ்கேனர் திரையில் ‘வெற்றி’ என்றே வரக்கூடும், ஏனென்றால் பலகை நேராக இருக்கிறதா என்பது காருக்குத் தெரியாது. எதிரே காட்டியதைத்தான் அது நேர் என்று எடுத்துக்கொள்கிறது.

ரேடார்களின் கதை இன்னும் மோசம். பின் பம்பரின் இரு மூலைகளிலும் ஒளிந்திருக்கும் ரேடார்தான், கண்ணாடியில் தெரியாத வண்டியைக் காட்டிக்கொடுக்கிறது. அந்த இடத்தில் டிங்கரிங் செய்து பட்டி பூசினாலோ, மெட்டாலிக் பெயின்டைப் பல அடுக்கு அடித்தாலோ, ஸ்டிக்கர் ஒட்டினாலோ அலை பலவீனமாகிறது அல்லது விலகுகிறது. நிறுத்துமிடத்தில் லேசாக இடித்ததில் பம்பரில் கீறல்கூட விழாமல் உள்ளே தகடு வளைந்துவிடுவதும் உண்டு. டேஷ்போர்டில் விளக்கு எதுவும் எரியாது. ஓட்டுநர் அந்த வசதி இருக்கிறது என்று நம்பித் தடம் மாறுகிறார். பழுதாகி நின்றுபோன வசதியைவிட, பழுதானதைச் சொல்லாமல் இருக்கும் வசதியே எங்களுக்கு அதிக அச்சம் தருகிறது.

ஆகவே நிறுவனங்களிடம் கேட்கிறோம். ஒவ்வொரு மாடலுக்குமான காலிபரேஷன் முறை, குறிப்பலகையின் வரைபடம், அனுமதிக்கப்படும் கோண விலகல், எந்தப் பகுதியில் எவ்வளவு பெயின்ட் தடிமன் வரை போகலாம் என்ற அளவு, இவற்றை எல்லா ஒர்க்‌ஷாப்புகளுக்கும் கட்டணமின்றி வெளியிடுங்கள். கடைசியாக எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எந்தச் சென்சார் சரிசெய்யப்பட்டது என்பதைக் கார் தனக்குள்ளேயே பதிந்து வைத்து, உரிமையாளர் கேட்டால் திரையில் காட்டட்டும். நீங்கள் நினைத்தால் இதை ஒரு மென்பொருள் அப்டேட்டிலேயே செய்துவிடலாம்.

பேட்டரி பற்றிச் சுருக்கமாக. பூட்டி நிறுத்திய கார் முழுமையாகத் தூங்கியபின் இழுக்கும் மின்னோட்டம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருப்பது நல்லது. அந்த அளவில் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி போகும். 60 ஆம்பியர்-மணி பேட்டரி பாதியாக 25 நாள் ஆகும். சிக்னல் கிடைக்காத அடித்தள நிறுத்துமிடத்தில் நிற்கும்போது நெட்வொர்க்கைத் தேடித்தேடி ஒரு மாட்யூல் விழித்தே இருந்து அரை ஆம்பியர் இழுத்தால், அதே பேட்டரி இரண்டரை நாளில் பாதியாகிவிடும். வாடிக்கையாளர் பேட்டரி கெட்டுவிட்டது என்று புதிது வாங்குகிறார். ஒரு வாரத்தில் அதுவும் படுத்துவிடுகிறது. எந்த மாட்யூல் தூங்கவில்லை என்பதை ஃபியூஸ் ஒவ்வொன்றின் குறுக்கேயும் மில்லிவோல்ட் அளந்து நாங்கள் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கார் கணினிக்கு இது தெரியும். யார் எத்தனை நேரம் விழித்திருந்தார்கள் என்ற பட்டியலை ஏன் எங்களிடமிருந்து மறைக்கிறீர்கள்?

அடுத்தது ஆயுள். நல்ல பராமரிப்பில் ஒரு கார் 15 ஆண்டுக்கு மேல் ஓடும். அதில் நீங்கள் வைக்கும் மின்னணுப் பொருளுக்கு அந்த ஆயுள் இருக்கிறதா? டெஸ்லாவின் மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் திரையை இயக்கிய 8 ஜிபி ஃபிளாஷ் நினைவகம், இடைவிடாமல் எழுதி அழித்ததில் ஐந்தாறு ஆண்டில் தேய்ந்துபோனது. திரையோடு பின்பக்கக் கேமராவும் கண்ணாடிப் பனி நீக்கும் கட்டுப்பாடும் சேர்ந்து போயின. 2021-இல் ஏறத்தாழ 1,35,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. தொடர்ந்து பதிவெழுதும் ஒரு சில்லை, மாற்ற முடியாதபடி போர்டிலேயே பற்றவைத்ததுதான் அடிப்படைத் தவறு. அந்தப் போர்டை முழுதாக மாற்றுவதற்குப் பதில், தேயும் பாகத்தைத் தனியே மாற்றும்படி வடிவமைத்திருந்தால் அது சிறு வேலையாக முடிந்திருக்கும்.

நெட்வொர்க்கும் அப்படியே. 2022-இல் அமெரிக்காவில் 3ஜி சேவைகள் நிறுத்தப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்த பல கார்களில் விபத்து அழைப்பும் தொலைவிலிருந்து பூட்டும் வசதியும் அன்றோடு நின்றன. எஞ்சின் நன்றாக இருந்தது, கியர்பாக்ஸ் நன்றாக இருந்தது. மோடத்தைத் தனியே கழற்றி மாட்டும்படி வைத்திருந்தால் அந்தக் கார்கள் இன்னும் அவசர உதவியைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். எனவே விற்கும் நாளிலேயே ஒரு தேதியை எழுதிக் கொடுங்கள்: பாதுகாப்பு அப்டேட் இந்த ஆண்டுவரை, சர்வர் இந்த ஆண்டுவரை, உதிரிபாகம் இந்த ஆண்டுவரை. அந்தத் தேதி காரின் ஆயுளைவிடக் குறைவு என்றால், வாங்குபவர் அதைத் தெரிந்துகொண்டு விலை பேசட்டும்.

பாதுகாப்பு என்ற பெயரில் எங்களுக்குப் பூட்டப்படும் கதவைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

1986-இல் பாஷ் நிறுவனம் வெளியிட்ட கேன் பஸ், அதாவது மாட்யூல்கள் தமக்குள் செய்தி பரிமாறும் கம்பி இணைப்பு, இன்றும் கார்களின் நரம்பு. முறுக்கிய இரண்டு கம்பி, இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரு கம்பிக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை துண்டிப்பு, பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். இவ்வளவு எளிமையானது என்பதால்தான் இத்தனை ஆண்டு நீடித்தது. ஆனால் அதில் வரும் செய்தியை அனுப்பியது யார் என்று சரிபார்க்கும் வழி அதன் அடிப்படை வடிவத்தில் இல்லை. அதனால்தான் திருடர்கள் முகப்பு விளக்கின் கனெக்டரை வெளியே இழுத்து, அந்தக் கம்பியில் ‘சாவி உள்ளே இருக்கிறது’ என்ற பொய்ச் செய்தியைச் செலுத்திக் காரைக் கொண்டுபோக முடிகிறது. 2015-இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரு ஆய்வாளர்கள் ஜீப் செரோகி ஒன்றின் பாட்டுத் திரைக்குள் மொபைல் நெட்வொர்க் வழியாகவே நுழைந்து, நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த காரின் இழுவிசையைத் துண்டித்துக் காட்டினார்கள். 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. ஐநா விதி 155 கார் நிறுவனங்களிடம் இணையப் பாதுகாப்பு மேலாண்மையைக் கோருவதை நாங்கள் முழுமனதோடு வரவேற்கிறோம்.

பொத்தானை அழுத்தாமலே கதவு திறக்கும் ரேடியோ சாவியிலும் இதே நிலை. கார் சில மீட்டர் தூரத்துக்குள் அனுப்பும் தாழ் அதிர்வெண் சிக்னலை இருவர் கருவி வைத்து நீட்டித்தால், வீட்டுக்குள் இருக்கும் சாவி கதவருகே இருப்பதாகக் கார் ஏமாறும். சிக்னல் போய் வரும் நேரத்தை அளந்து தூரம் கணக்கிடும் அகலப்பட்டை ரேடியோ இதற்குத் தீர்வு. ஒளி ஒரு நானோ வினாடியில் 30 சென்டிமீட்டர்தான் போகும் என்பதால் நீட்டித்த தூரத்தை மறைக்க முடியாது. அது விலை கூடுதல் என்றால், அசையாமல் இருக்கும் சாவியைத் தூங்க வைக்கும் சிறு அசைவுச் சென்சாரையாவது எல்லா மாடலிலும் வையுங்கள்.

ஆனால் நீங்கள் பலமுறை செய்வது வேறு. ரேடியோ வழி வரும் தாக்குதலைத் தடுப்பதாகச் சொல்லி, டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஸ்கேனர் சாக்கெட்டைப் பூட்டுகிறீர்கள். இன்று பின் பிரேக் பேட் மாற்றவே ஸ்கேனர் தேவைப்படும் கார்கள் உண்டு. மின்சாரப் பார்க்கிங் பிரேக் உள்ள காலிப்பரில், மோட்டாரைச் சர்வீஸ் நிலைக்குப் பின்வாங்கச் செய்த பிறகுதான் பிஸ்டனைத் தள்ளலாம். கிளாம்ப் போட்டு வலுக்கட்டாயமாக அழுத்தினால் உள்ளே பல்சக்கரம் உடையும். இந்தக் கட்டளைக்குக்கூட உங்கள் சர்வரில் லாகின் செய்ய வேண்டும், சர்வர் கீழே போனால் கார் லிஃப்டிலேயே தொங்க வேண்டும் என்பது பாதுகாப்பு அல்ல. மோடத்துக்கும் பிரேக்குக்கும் நடுவே சுவர் எழுப்புங்கள். செய்திகளுக்குக் கையொப்பம் வையுங்கள். முகப்பு விளக்கின் கம்பியைச் சாவியின் கம்பியிலிருந்து பிரியுங்கள். பழுதுபார்ப்பவருக்கு அடையாளம் சரிபார்த்து, இணையம் இல்லாமலும் இயங்கும் ஒரு சாவியைக் கொடுங்கள்.

காற்றுவழி அப்டேட் நல்ல வசதிதான். ஒர்க்‌ஷாப்புக்கு வராமலே பிரேக் மென்பொருளின் பிழை நீங்குகிறது. ஆனாலும் 12 வோல்ட் பேட்டரி வலுவாக இருக்கிறதா என்று பார்க்காமல் தொடங்கும் அப்டேட் பாதியில் நின்றால் மாட்யூல் செத்துப்போகும். பழைய மென்பொருளை இன்னொரு பகுதியில் அப்படியே வைத்துக்கொண்டு, புதியது எழும்பாவிட்டால் பழையதுக்குத் திரும்பும் முறை பாதுகாப்பு சார்ந்த எல்லா மாட்யூலிலும் இருக்க வேண்டும். ‘செயல்திறன் மேம்பாடு’ என்ற இரண்டு சொல்லோடு குறிப்பை முடிக்காதீர்கள். பிரேக் பிடிக்கும் தருணம் மாறியிருந்தால், மாறியிருக்கிறது என்று ஓட்டுநருக்குச் சொல்லுங்கள்.

தரவு விஷயத்தில் நம்பிக்கை குலைந்திருக்கிறது. 2023-இல் மொசில்லா அறக்கட்டளை (ஃபயர்பாக்ஸ் உலாவிக்குப் பின்னால் இருக்கும் அமைப்பு) 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கைகளைப் பரிசோதித்தது, ஒன்றுகூடத் தேறவில்லை. ஓட்டும் பழக்கத்தையும் இடத்தையும் விற்றது தொடர்பாக 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஜெனரல் மோட்டார்ஸ் மீது நடவடிக்கை எடுத்து, அத்தகவலை நுகர்வோர் அறிக்கை நிறுவனங்களுக்குத் தருவதை 5 ஆண்டுக்குத் தடைசெய்யும் உடன்பாட்டை அறிவித்தது. திடீர் பிரேக்கைப் பதிவுசெய்து காப்பீட்டு பிரீமியத்தைக் கூட்டினால், குறுக்கே வந்த குழந்தைக்காக பிரேக் பிடித்தவருக்கும் தண்டனைதான்.

பழைய கார் வாங்குபவர்கள் இதில் இரட்டிப்பு ஆபத்தில் இருக்கிறார்கள். முந்தைய உரிமையாளரின் செயலி இணைப்பைத் துண்டிக்காவிட்டால், அவரால் கார் நிற்கும் இடத்தைப் பார்க்கவும் கதவைத் திறக்கவும் முடியும். திரையில் ‘ஃபேக்டரி ரீசெட்’ கொடுத்தால் தொடர்பு எண்களும் வீட்டு முகவரியும் அழியும். சர்வரில் இருக்கும் கணக்கு பல மாடல்களில் அப்படியே இருக்கும். இரண்டையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. இரு சாவிகளையும் காருக்குள் வைத்து ஒரு பொத்தானைச் சில வினாடி அழுத்தினால் பழைய கணக்குகள் எல்லாம் சர்வரிலும் அறுந்துவிடும்படி செய்யுங்கள்.

பெயர்களிலும் நேர்மை வேண்டும். தானியங்கி ஓட்டத்துக்கு 0 முதல் 5 வரை ஆறு நிலைகள் வகுக்கப்பட்டுள்ளன. ‘தானே ஓடும்’ என்ற தோற்றம் தரும் பெயரோடு விற்கப்படுபவை பெரும்பாலும் நிலை 2. அதாவது முழுப் பொறுப்பும் ஓட்டுநருடையது. ஸ்டீயரிங்கில் கை இருக்கிறதா என்று முறுக்குவிசையை மட்டும் பார்க்கும் அமைப்பை ஒரு எடைக்கட்டியை மாட்டி ஏமாற்றலாம். கண்களைப் பார்க்கும் கேமராவை ஏமாற்றுவது கடினம். கட்டுப்பாட்டை ஓட்டுநரிடம் ஒப்படைக்கக் கேட்டபின் குறைந்தது 10 வினாடி அவகாசம் தர வேண்டும் என்கிறது, குறிப்பிட்ட சூழலில் கார் தானே ஓட்டும் நிலை 3-க்கான ஐநா விதி 157. மணிக்கு 100 கிலோமீட்டரில் அந்த 10 வினாடியில் கார் 278 மீட்டர் போயிருக்கும். நிலை 2-இல் அப்படி ஒரு அவகாசமே கிடையாது என்பதை எத்தனை விற்பனையாளர்கள் சொல்கிறார்கள்?

திரைக்குள் எல்லாவற்றையும் புதைப்பதையும் நிறுத்துங்கள். அதே வேகத்தில் இரண்டு வினாடி சாலையிலிருந்து கண்ணை எடுத்தால் ஏறத்தாழ 56 மீட்டர். இன்டிகேட்டர், அபாய விளக்கு, வைப்பர், ஹாரன், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இல்லாத காருக்கு, ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. மின்சாரம் போனால் கதவைக் கையால் திறக்கும் நெம்புகோலையும், பின் இருக்கை உட்பட, அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

விதி வகுப்போரிடம் தனியாக ஒரு வேண்டுகோள். அவசர பிரேக்கையும் தடம் காக்கும் வசதியையும் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்குகிறீர்கள், நன்று. ஆனால் வழக்கமான தகுதிச் சோதனையில் பிரேக் விசையும் புகையும் விளக்கும் அளக்கப்படுவது போல அந்த வசதிகள் வேலை செய்கின்றனவா என்று பெரும்பாலும் அளக்கப்படுவதில்லை. ஓடும் கார் முன் பலகையை நிறுத்திப் பார்க்க வேண்டியதில்லை. சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டி, பாதுகாப்பு மாட்யூல்களில் எரர் கோடு இருக்கிறதா, முன்கண்ணாடி மாற்றியதாகப் பதிவிருந்தால் அதற்குப் பிந்தைய காலிபரேஷன் பதிவும் இருக்கிறதா, மென்பொருள் எந்தப் பதிப்பு, நிலுவையில் உள்ள திரும்ப அழைப்பு ஏதும் உண்டா என்று படித்தால் போதும். அதற்கு நிறுவனங்கள் அந்தத் தகவலைப் பொதுவான வடிவில் தர வேண்டும். நீங்கள் கேட்டால்தான் தருவார்கள். அடுத்த விதித் திருத்தத்தில் இதைச் சேருங்கள். எந்த மாட்யூலில் எந்தத் தகவல் எந்தப் பெயரில் கிடக்கிறது என்று எழுதிக் கொடுக்க நாங்கள் தயார்.

இப்படிக்கு,
வாகன மின்னணுப் பழுதுநீக்கும் தொழில்நுட்பர்கள்